தறியும் தராசும்
இடைக்கால ஐரோப்பாவின் கம்பளி நகரங்கள்

இடைக்கால ஐரோப்பா என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கற்கோட்டைகளும், இரும்புக் கவசம் பூண்ட குதிரை வீரர்களும், வானளாவிய தேவாலயங்களுமே. பள்ளிப் பாடநூல்கள் அவற்றையே நமக்குக் காட்டின. ஆயின், அக்கோட்டைகளை ஆண்ட மன்னர்களின் கருவூலத்தை நிரப்பியது யாது, அத்தேவாலயங்களை எழுப்பிய நகரங்களுக்குப் பொருள் தந்தது யாது என்று வினவினால், பல இடங்களில் கிடைக்கும் விடை கம்பளித் துணி என்பதேயாகும். கி.பி. 1200 முதல் 1400 வரையுள்ள இரண்டு நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பிய மன்னர்கள் போர் தொடுத்தபோதும், உடன்படிக்கை செய்துகொண்டபோதும், ஆட்டு உரோமத்தின் விலையும் தறிகளின் ஓட்டமும் அம்முடிவுகளில் பங்கு கொண்டன.

அக்காலத்து நெசவுத் தொழிலை ஆராய இரண்டு இடங்களை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று பிளாண்டர்ஸ் நாடு. அதன் பெரும்பகுதி இன்று பெல்ஜியத்திலும், தென்பகுதி பிரான்சிலும் அடங்கியுள்ளது. மற்றொன்று இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரம். இரண்டு இடங்களிலும் தொழிலாளர் பெயராலும் தொழிலின் பெயராலும் அமைந்த சங்கங்கள் இருந்தன. அவற்றுக்குக் கொடியும், முத்திரையும், எழுதப்பட்ட சட்டதிட்டங்களும் இருந்தன. அவ்வளவு இருந்தும், தறியில் அமர்ந்தவன் கடனாளியாகவே வாழ்ந்தது ஏன்? ஒரு காலத்தில் அவனே நகராட்சியில் இடம் பெற்ற பின்பும் அந்த வெற்றி நிலைக்காமற் போனது ஏன்? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

நிலமும் நகரமும்

அக்காலத்தில் செல்வம் என்பது முதற்கண் நிலமே. மன்னன் பிரபுவுக்கு நிலம் அளித்தான். பிரபு அதற்கு ஈடாகப் போர்க்காலத்தில் தன் வீரர்களோடு வந்து துணை நிற்கக் கடமைப்பட்டான். நிலத்தை உழுதவர்களுள் பலர் பண்ணையடிமைகள். அவர்கள் வாரத்தில் சில நாள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலியின்றி உழைக்கவேண்டும். பல ஊர்களில் பிரபுவின் ஆலையிலேயே தானியத்தை அரைத்து அதற்கும் ஒரு பங்கு செலுத்தவேண்டும். பிரபுவின் இசைவின்றி ஊரைவிட்டு நீங்க இயலாது.

இவ்வமைப்புக்கு நடுவே நகரங்கள் தனித்து நின்றன. மன்னனிடமோ பிரபுவிடமோ பணம் கொடுத்தோ, கிளர்ச்சி செய்தோ, அவை உரிமைச் சாசனங்களைப் பெற்றன. தம் வழக்குகளைத் தாமே தீர்த்துக்கொள்ளவும், தம் சந்தைக்குத் தாமே விதி வகுக்கவும் அச்சாசனங்கள் இடமளித்தன. பண்ணையை விட்டு ஓடிவந்த ஒருவன் ஓராண்டும் ஒரு நாளும் நகரத்தில் தங்கிவிட்டால் அவன் அடிமைத்தளை நீங்கும் என்பது பல நகரங்களில் வழங்கிய முறை. ஆதலின் உழைப்பவர் கூட்டம் நகரத்தை நாடி வந்தது. வந்தவருக்கு அங்கே காத்திருந்த தொழில், பிளாண்டர்ஸில், பெரும்பாலும் நெசவு.

கெண்ட், புரூஜ், ஈப்பர் என்னும் மூன்றும் அந்நாட்டின் தலையாய நகரங்கள். கெண்ட் நகரின் மக்கள்தொகை 14ஆம் நூற்றாண்டின் நடுவில் 60,000 அளவில் இருந்ததாக ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே பாரிஸ் நகரை அடுத்துப் பெரிய நகரங்களுள் ஒன்றாக அது விளங்கியது. ஈப்பர் நகரின் துணி மண்டபம் ஏறத்தாழ 125 மீட்டர் நீளமுடையது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறைவுற்றது. முதல் உலகப் போரில் இடிந்து, பின்னர்ப் பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டு, 1967இல் பணி முடிந்து இன்றும் நிற்கின்றது. அரண்மனை அளவு பெரிதான அக்கட்டடம் துணியை வைக்கவும், அளக்கவும், விற்கவும் எழுந்ததாகும்.

ஆனால் இந்நகரங்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. நாட்டை ஆண்ட கோமகன் பிரெஞ்சு மன்னனுக்குக் கட்டுப்பட்டவன். உணவுத் தானியத்தில் ஒரு பகுதியும் தெற்கேயுள்ள பிரெஞ்சு நிலங்களிலிருந்தே வந்தது. உயர்ந்த துணிக்கு வேண்டிய நல்ல உரோமமோ இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வரவேண்டும். சோற்றுக்கு ஒரு மன்னனையும், தறிக்கு மற்றொரு மன்னனையும் நம்பி வாழ்ந்த மக்கள் அவர்கள். அவ்விரு மன்னர்களும் பகைத்துக்கொண்டபோதெல்லாம் பிளாண்டர்ஸின் தறிகள் நின்றன.

ஆடு வளர்த்தவன் நிலை

இங்கிலாந்தில் ஆடு வளர்த்தவர்களைப் பற்றியும் சிறிது அறியவேண்டும். மலைச்சாரல்களில் பெருமந்தைகளை வளர்த்துப் புகழ்பெற்றவர்கள் சிஸ்டர்சியத் துறவிகள். எனினும் சிறு குடியானவர்களின் மந்தைகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டினால் அவையே மிகுதி என்பது வரலாற்றாசிரியர் பலருடைய கருத்து. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 30,000 மூட்டைக்கு மேல் உரோமம் ஏற்றுமதியாயிற்று. ஒரு மூட்டை 364 பவுண்டு எடையுடையது. அதனை நிரப்ப இருநூறுக்கு மேற்பட்ட ஆடுகளின் உரோமம் வேண்டும்.

சிறு குடியானவன் பத்து, இருபது ஆட்டின் உரோமத்தை வைத்துக்கொண்டு கடல் கடந்த வணிகனோடு பேரம் பேச முடியாது. ஆதலின் இடைத்தரகனிடம் விற்றான். அல்லது அருகிலுள்ள மடத்தில் சேர்த்தான். மடங்கள் தம் உரோமத்தோடு அக்கம்பக்கத்தாரின் உரோமத்தையும் திரட்டி, தரம் பிரித்து, ஒன்றாக விற்றன. பிறர் சரக்கை வாங்கி விற்பது துறவிகளுக்குத் தகாது என்று அவர்களுடைய தலைமைச் சபை தடுத்தும் இவ்வழக்கம் தொடர்ந்தது.

மடங்களும் இடரில்லாமல் இருக்கவில்லை. இத்தாலிய வணிகர்கள் வருங்கால உரோமத்துக்கு முன்பணம் கொடுத்தனர். இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு மட்டுமன்றி, பத்தாண்டுக்கு மேற்பட்ட உரோமத்தையும் முன்கூட்டியே விற்ற மடங்கள் உண்டு. பெற்ற பணம் கட்டடத்துக்கும், வரிக்கும், பழைய கடனுக்கும் சென்றது. 1270களில் சொறிநோய் மந்தைகளில் பரவி ஆடுகள் பெருமளவில் மடிந்தபோது, விற்றுவிட்ட உரோமத்தைக் கொடுக்க வழியின்றிப் பல மடங்கள் கடனில் ஆழ்ந்தன. விளையாத விளைச்சலை விற்றவன் விலையைத் தான் நிர்ணயிக்க இயலாது என்பதை அத்துறவிகள் பட்டறிந்தனர்.

உரோமம் துணியாகும் வழி

நம் பருத்தி நெசவைப் போலன்றி, கம்பளித் துணி தறியிலிருந்து இறங்கியவுடன் விற்பனைக்கு ஆயத்தமாவதில்லை. உரோமத்தைத் தரம் பிரித்து, அடித்து, கழுவி, எண்ணெய் பூசி, சீவி, நூற்று, பாவு ஓட்டி, அகன்ற தறியில் ஏற்றுவர். தறியின் அகலத்தை ஒருவர் எட்ட முடியாதாகையால் இருவர் அமர்ந்து நாடாவை மாறி மாறி எறிவர். நூற்றவர் பெரும்பாலும் பெண்கள். அவர்களுள் பலர் கிராமத்தினர்.

நெய்த துணி அடுத்து மிதிப்பவரிடம் செல்லும். அவர்கள் துணியை நீரும் களிமண்ணும் கலந்த தொட்டியிலிட்டு, அரையளவு ஆடையோடு நின்று, நாள் கணக்கில் காலால் மிதிப்பர். எண்ணெய்ப் பசை நீங்கி, இழைகள் ஒன்றோடொன்று பின்னி, துணி சுருங்கித் திண்மை பெறும். பின்னர் அதனைச் சட்டங்களில் கொக்கியிட்டு இழுத்து உலர்த்தி, முட்செடியின் காய்களால் மயிரெழுப்பி, பெருங்கத்தரியால் சமமாகக் கத்தரிப்பர். சாயத்துக்கு நீலம் தரும் செடியும், மஞ்சிட்டி இனத்து வேரும் பயன்பட்டன. சாயம் பிடிக்கப் படிகாரத்தை ஜெனோவா வணிகர்கள் கிழக்கிலிருந்து கொணர்ந்தனர்.

இத்தனை கைகள் மாறும் தொழிலில் ஒவ்வொரு கைக்கும் ஒரு சங்கம் தோன்றியது. நெசவாளருக்கு ஒன்று, மிதிப்பவருக்கு ஒன்று, சாயக்காரருக்கு ஒன்று, கத்தரிப்பவருக்கு ஒன்று. அவற்றைக் கில்டுகள் என்பர். தொழில் பயில எத்தனை ஆண்டு, துணியின் அகலம் எவ்வளவு, பாவில் எத்தனை இழை என்பனவற்றையெல்லாம் விதிகள் வரையறுத்தன. விளக்கொளியில் நெய்தால் பழுது நேரும் என்று இரவு வேலையைத் தடுத்த ஊர்களும் உண்டு. வேலை தொடங்கவும் முடியவும் மணி ஒலித்தது. சோதனையில் தேறிய துணிக்கு ஈய முத்திரை இட்டனர். அம்முத்திரையைக் கண்டே தொலைதூரத்து வணிகன் துணியை நம்பி வாங்கினான்.

இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் முத்திரையை யார் கையில் வைத்திருந்தனர், விதியை யார் எழுதினர் என்று பார்க்கும்போதுதான் நிலைமை விளங்குகின்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பிளாண்டர்ஸ் நகரங்களில் விதி எழுதியவர்கள் நெசவாளர் அல்லர். உரோமத்தை இறக்குமதி செய்து துணியை ஏற்றுமதி செய்த பெருவணிகக் குடும்பங்களே நகரசபையில் அமர்ந்து கூலியையும், அளவையும், தண்டனையையும் நிர்ணயித்தன.

டூவே நகரத்து வணிகர்

இதற்குச் சான்றாக ஒருவருடைய கணக்கு நமக்குக் கிடைத்துள்ளது. டூவே என்னும் நகரில் ஜெஹான் புவான்புரோக் என்ற துணி வணிகர் வாழ்ந்தார். உரோமத்தை வாங்கித் தொழிலாளருக்குக் கடனாகக் கொடுத்தவர் அவர், அவர்கள் குடியிருந்த வீடுகளில் பல அவருக்குச் சொந்தம், சாயப்பட்டறையும் அவருடையது, முடிந்த துணியை வாங்கியவரும் அவரே. இவ்வளவும் போதாதென்று நகரசபையில் பன்முறை உறுப்பினராகவும் இருந்தார். 1280இல் டூவே நெசவாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அதனை அடக்கிய சபையில் அவரும் ஒருவர்.

1286ஐ ஒட்டி அவர் இறந்தார். தாம் முறைகேடாகப் பெற்றவற்றைத் திருப்பித் தரவேண்டும் என்று அவர் உயில் எழுதியிருந்தார். மறுமையைப் பற்றிய அச்சத்தால் அக்காலத்துச் செல்வர் பலர் இவ்வாறு எழுதுவதுண்டு. உயிலை நிறைவேற்றியவர்கள் பாதிக்கப்பட்டோரை அழைத்து முறையீடுகளைக் கேட்டுப் பதிவு செய்தனர். அப்பதிவு பல முழம் நீளமுள்ள தோற்சுருளாக இன்றும் இருக்கின்றது.

அதில் என்ன காண்கிறோம்? கடனாகக் கொடுத்த உரோமத்தின் எடை குறைவு. அதற்கு எழுதிய விலை சந்தை விலையினும் அதிகம். துணியைக் கொள்முதல் செய்தபோது பேசிய விலை ஒன்று, கொடுத்தது மற்றொன்று. கடனைக் காட்டிப் பொருளைக் கைப்பற்றியது. கேட்க வந்த ஏழைப் பெண்களை எள்ளி நகையாடி அனுப்பியது. ஒவ்வொன்றும் சிறு தொகை. அச்சிறு தொகைகள் சேர்ந்து அவருடைய வீடுகளாயின.

இவர்கள் அவர் உயிரோடிருந்தபோது முறையிடாதது ஏன்? முறையீட்டை விசாரிக்கும் சபையில் அவரே அமர்ந்திருந்தார்; முறையிட்டால் மறுநாள் உரோமம் கிடைக்காது; குடியிருக்கும் வீடும் போகும். கச்சாப்பொருள், கடன், வீடு, கொள்முதல், நீதி என்னும் ஐந்தும் ஒரே கையில் இருந்தன. இங்கே ஒரு மனிதரின் பேராசையை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அக்கை வேறொருவருடையதாக இருந்திருந்தாலும் கணக்கு ஏறத்தாழ இவ்வாறே முடிந்திருக்கும்.

நெசவாளர் வென்ற நாள்

1280ஆம் ஆண்டில் டூவேயில் மட்டுமன்றி, புரூஜ், ஈப்பர் முதலிய நகரங்களிலும் கலகங்கள் எழுந்தன. நகரசபைக் கணக்குகளைக் காட்டுக என்பது புரூஜ் மக்களின் கோரிக்கைகளுள் ஒன்று. கலகங்கள் அடக்கப்பட்டன, மனக்கசப்பு அடங்கவில்லை.

1300இல் பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப், பிளாண்டர்ஸ் கோமகனைச் சிறைப்பிடித்து நாட்டைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டான். நகரத்துப் பெருவணிகருள் பலர் மன்னன் பக்கம் நின்றனர். அவன் கொடியில் லில்லி மலர் இருந்தமையால் அவர்களை லில்லிக் கட்சியினர் என்று மக்கள் அழைத்தனர். எதிர்த்தரப்புக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர் புரூஜ் நகரத்து நெசவாளர் பீட்டர் டி கோனிங்க். அவரைப் பற்றிப் பிளாரன்ஸ் வரலாற்றாசிரியர் ஜியோவன்னி வில்லானி எழுதியுள்ளார்: குள்ளமானவர், மெலிந்தவர், ஒரு கண் பார்வையற்றவர், அறுபது வயதைக் கடந்தவர், பிரெஞ்சோ இலத்தீனோ அறியாதவர், ஆயினும் தம் தாய்மொழியாகிய பிளெமிஷில் அவரைப்போல் மக்கள் உள்ளத்தைக் கவரப் பேசியவர் அந்நாட்டில் இல்லை.

1302 மே மாதம் 18ஆம் நாள் விடியற்காலையில் புரூஜ் மக்கள் நகரிலிருந்த பிரெஞ்சுப் படையினரைத் தாக்கிக் கொன்றனர். பழிவாங்கப் பெரும்படை வந்தது. ஜூலை 11ஆம் நாள் கோர்ட்ரைக் நகருக்கு வெளியே, ஓடைகளும் சேறும் நிறைந்த வெளியில், இருதரப்பும் சந்தித்தன. ஒரு புறம் ஐரோப்பாவிலேயே சிறந்தது என்று போற்றப்பட்ட குதிரைப்படை. மறுபுறம் நெசவாளர், மிதிப்பவர், இறைச்சி விற்போர் முதலியோர், தத்தம் கில்டுகளின் கொடியின்கீழ், ஈட்டியும் இரும்பு முனை பதித்த தடியும் ஏந்திக் கால்நடையாக நின்றனர். மாலைக்குள் பிரெஞ்சுத் தளபதி ஆர்ட்வாக் கோமகன் ராபர்ட்டும், ஆயிரத்துக்கு மேற்பட்ட உயர்குடி வீரரும் மாண்டனர். மாண்டோரின் பொன்முலாம் பூசிய குதிமுட்கள் ஏறத்தாழ 500 திரட்டப்பட்டு அந்நகரத் தேவாலயத்தில் தொங்கவிடப்பட்டன. ‘பொற்குதிமுட் போர்’ என்னும் பெயர் அதனால் வந்தது.

போரின் பயன் உடனே தெரிந்தது. நகரசபைகளில் கில்டுகளுக்கு இடம் கிடைத்தது. உரோம வாணிகத்தில் பெருவணிகரின் தனியுரிமை முறிந்தது. வசதியுள்ள நெசவாளன் தானே உரோமம் வாங்கி, தானே துணி விற்கலாயினான். ஒரு தலைமுறைக்கு முன்பு கனவிலும் எண்ணாத மாற்றம் இது.

வென்றவர் செய்தது

இனித்தான் கதையின் கசப்பான பகுதி. உரோமத்தைத் தானே வாங்கிய நெசவாளன் அதனை மிதிப்பதற்குக் கூலி கொடுப்பவனும் ஆனான். மிதிப்பவருக்கு உரோமமும் இல்லை, துணியும் இல்லை. கால்களின் வலிமை ஒன்றே முதல். ஒரு துணிக்கு என்ன கூலி என்பதை நகரசபை நிர்ணயித்தது. அச்சபையில் நெசவாளர் குரலே ஓங்கி ஒலித்தது.

1336இல் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்டு, பிரான்சோடு ஏற்பட்ட பகையால் பிளாண்டர்ஸுக்கு உரோமம் அனுப்புவதைத் தடுத்தான். தறிகள் நின்றன, நகரங்களில் பட்டினி பரவியது. 1338 ஜனவரியில் கெண்ட் மக்கள் யாக்கோப் வான் ஆர்ட்டவெல்டே என்னும் செல்வரைத் தலைவராக்கினர். அவர் எட்வர்டோடு பேசி உரோமத்தை மீண்டும் வரச்செய்தார். ஆயினும் தொழிலுக்குள் இருந்த பிளவை அவரால் ஆற்ற முடியவில்லை.

மிதிப்பவர்கள் கூலி உயர்வு கேட்டனர்; நெசவாளர் மறுத்தனர். 1345 மே 2ஆம் நாள், திங்கட்கிழமை, கெண்ட் நகரின் வெள்ளிச்சந்தைத் திடலில் இரு கில்டுகளும் ஆயுதமேந்தி மோதின. மிதிப்பவருள் நூற்றுக்கணக்கானோர் வெட்டுண்டு வீழ்ந்தனர். அந்நாளைத் ‘தீய திங்கள்’ என்று அந்நகர மக்கள் அழைக்கலாயினர். மிதிப்பவர் சபையில் தம் இடத்தை இழந்தனர். அவ்வாண்டு ஜூலையில் ஆர்ட்டவெல்டேயும் ஒரு கலகத்தில் கொலையுண்டார். 1349 ஜனவரி 13ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, காலம் திரும்பிற்று. மிதிப்பவரும் சிறுதொழிலாளரும் கோமகனின் ஆட்களோடு சேர்ந்து நெசவாளரைத் தாக்கி வென்றனர். அவர்கள் அதனை ‘நல்ல செவ்வாய்’ என்றனர். பத்தாண்டு கழித்து நெசவாளர் மீண்டும் வந்தனர். மிதிப்பவர் மீண்டும் வெளியே தள்ளப்பட்டனர்.

கோர்ட்ரைக் போர்க்களத்தில் ஒரே அணியில் நின்ற இருதொழிலாளர், அரைநூற்றாண்டுக்குள் ஒரே சந்தையில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டனர். ஒருவர் நெய்யாவிடில் மற்றவருக்கு மிதிக்கத் துணியில்லை. மற்றவர் மிதியாவிடில் நெய்தது விலைபோகாது. எனினும் இருவரையும் ஒன்றாக அமர்த்தி விலையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேச ஓர் அமைப்பு அந்நகரில் இருக்கவில்லை.

கிராமத்து நெசவாளனுக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. நகரத் தறிக்குப் போட்டி ஆகாது என்று 1314இல் கெண்ட் நகரம் தன்னைச் சுற்றி ஐந்து மைலுக்குள் துணி நெய்வதைத் தடுக்கும் உரிமையைக் கோமகனிடம் பெற்றது. பிற பெருநகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின. ஆயுதந்தாங்கிய நகரத்தார் கிராமங்களுக்குச் சென்று தறிகளையும் சட்டங்களையும் உடைத்தனர். அங்ஙனம் உடைக்கச் சென்றவர்களுள் தறியிற் பிழைத்தவரும் இருந்தனர்.

பிளாரன்ஸ் நகரின் கம்பளிச் சங்கம்

இனி இத்தாலிக்குச் செல்வோம். பிளாரன்ஸ் நகரில் மன்னன் இல்லை, கோமகன் இல்லை, கில்டுகளே ஆட்சி செய்தன. மொத்தம் 21 கில்டுகள்; அவற்றுள் ஏழு பெரியவை, பதினான்கு சிறியவை. கில்டு உறுப்பினரே ஆட்சிப் பதவிக்கு வரலாம். பெரிய கில்டுகளுள் ஒன்று கம்பளிச் சங்கம். 1338ஆம் ஆண்டளவில் 200க்கு மேற்பட்ட கம்பளிப் பட்டறைகள் ஆண்டுக்கு 70,000 முதல் 80,000 வரை துணிகளை நெய்ததாகவும், 30,000க்கு மேற்பட்டோர் அதனால் பிழைத்ததாகவும் வில்லானி குறித்துள்ளார். அத்தொகைகள் மிகையாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதினாலும், நகரின் முதற்பெருந்தொழில் அதுவே என்பதில் ஐயமில்லை.

இச்சங்கத்தின் உறுப்பினர் யார்? பட்டறை முதலாளிகள் மட்டுமே. உரோமம் அடித்தவன், சீவியவன், கழுவியவன் ஆகியோர் உறுப்பினராக இயலாது. ஆனால் சங்கத்தின் விதிகளுக்கு அவர்கள் கட்டுப்பட்டவர்கள். சங்கம் வெளியூரிலிருந்து ஓர் அதிகாரியை அமர்த்தி வைத்திருந்தது. குற்றம் செய்த தொழிலாளிக்கு அபராதம் விதிக்கவும், உடலை வருத்தித் தண்டிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. தொழிலாளர் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொள்வதோ குற்றம். 1345 மே மாதத்தில் சூட்டோ பிராந்தினி என்னும் உரோமம் சீவும் தொழிலாளி அத்தகைய சங்கம் அமைக்க முயன்றார் என்று, இரவில் தம் இரு புதல்வரோடு பிடிக்கப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவர் தூக்கிலிடப்பட்டார்.

கூலியிலும் ஒரு நுட்பம் இருந்தது. முதலாளி துணியைப் பொன் நாணயத்துக்கு விற்றான். கூலியை வெள்ளி கலந்த சில்லறைக் காசில் கொடுத்தான். பொன்னின் மதிப்பு மாறவில்லை. சில்லறைக் காசில் வெள்ளி குறைந்துகொண்டே வந்தது. கூலியின் எண்ணிக்கையில் மாற்றமில்லாமலே கூலி குறைந்தது.

1378 ஜூலையில் பொறுமை எல்லை கடந்தது. சியோம்பி என்று அழைக்கப்பட்ட கம்பளித் தொழிலாளர் திரண்டு ஆட்சி மாளிகையைக் கைப்பற்றினர். ஜூலை 22ஆம் நாள் மிக்கேலே டி லாண்டோ என்னும் தொழிலாளி ஆட்சித் தலைவராக்கப்பட்டார். அவர்கள் கேட்டவை யாவை? அந்த வெளியூர் அதிகாரியின் பதவி ஒழியவேண்டும். தமக்கும் கில்டு வேண்டும். ஆட்சியில் தம் பங்கு வேண்டும். புதிதாக மூன்று கில்டுகள் அமைந்தன: சாயக்காரருக்கு ஒன்று, உள்ளங்கி தைப்போர் முதலியோருக்கு ஒன்று, கடைநிலைத் தொழிலாளருக்கு ஒன்று.

முதலாளிகள் பட்டறைகளைப் பூட்டினர். கில்டு கிடைத்தது, அடுப்பு எரியவில்லை. மாதந்தோறும் 2,000 துணிகளாவது நெய்யப்படவேண்டும் என்று தொழிலாளர் கோரினர். உரோமமும் பணமும் தம்மிடம் இல்லாதவர் வேறு என்ன கோர இயலும்? ஆகஸ்டு 31ஆம் நாள் மற்றைய கில்டுகள் ஒன்றுசேர்ந்து அவர்களை ஆட்சித் திடலில் தாக்கின. மிக்கேலே டி லாண்டோவும் அவர்களுக்கு எதிரணியில் நின்றார், சாயக்காரரும் கைவிட்டனர். கடைநிலைத் தொழிலாளரின் கில்டு ஆறு வாரங்களுக்குள் மறைந்தது. அவர்களைக் கைவிட்ட மற்றை இரு புதிய கில்டுகளும் 1382 ஜனவரியில் கலைக்கப்பட்டன. மிக்கேலேயும் நாடு கடத்தப்பட்டார்.

தொழில் இடம் மாறியது

பிளாண்டர்ஸ் நகரங்கள் தமக்குள் போரிட்டுக்கொண்டிருந்தபோது இங்கிலாந்தில் தறிகள் பெருகின. எட்வர்டு மன்னன் 1331இலேயே ஜான் கெம்ப் என்னும் பிளெமிஷ் நெசவாளருக்குப் பாதுகாப்புச் சாசனம் அளித்திருந்தான். 1337இல் அயல்நாட்டுத் துணித் தொழிலாளரைச் சட்டத்தின் மூலமே வரவேற்றான். போர்ச் செலவுக்காக உரோம ஏற்றுமதி மீது 1340களில் மூட்டைக்கு 40 ஷில்லிங் வரையில் கூடுதல் வரி விதித்தான். 1347இல் துணிக்கு விதித்த வரியோ, உள்நாட்டு வணிகருக்கு ஒரு துணிக்கு 14 பென்ஸ் மட்டுமே. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். உரோமமாக அனுப்புவதினும் துணியாக அனுப்புவது இலாபமாயிற்று. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் துணி ஏற்றுமதி உரோம ஏற்றுமதியை விஞ்சிவிட்டது.

புலம்பெயர்ந்த பிளெமிஷ் நெசவாளருக்கும் அமைதி கிட்டவில்லை. 1381 ஜூனில் இங்கிலாந்தில் குடியானவர் கிளர்ச்சி நிகழ்ந்தபோது, இலண்டன் மாநகரில் பிளெமிஷ் மக்கள் தேடிப்பிடித்துக் கொல்லப்பட்டனர். தம் பிழைப்பை அயலார் பறித்தனர் என்ற பொறாமையும் அக்கொலைகளுக்குக் காரணமாயிற்று.

தொகுத்துப் பார்த்தால்

தொடக்கத்தில் எழுப்பிய இரண்டு வினாக்களுக்குத் திரும்புவோம். சங்கம் இருந்தும் தொழிலாளி கடனாளியானது ஏன்? டூவேயில் உரோமமும் கடனும் கொள்முதலும் நீதியும் ஒரே கையில் இருந்தன. பிளாரன்ஸில் சங்கத்தின் பெயர் கம்பளியைக் குறித்தது. அதன் பதிவேடு முதலாளிகளை மட்டுமே குறித்தது. வெற்றி நிலைக்காதது ஏன்? கெண்ட் நெசவாளர் தாம் ஏறிய படியை மிதிப்பவருக்கும் கிராமத்தாருக்கும் விடவில்லை. அவர்கள் பகைவரிடம் சென்று சேர்ந்தனர். சியோம்பிகளோ ஆட்சியைப் பெற்றனர். உரோமம் வாங்க முதலையும் துணி விற்கச் சந்தையையும் பெறவில்லை. பூட்டிய பட்டறைக்கு முன்னால் அவர்களுடைய ஆட்சி பயனற்றுப் போயிற்று.

கோர்ட்ரைக் தேவாலயத்தில் தொங்கிய குதிமுட்களை 1382இல் பிரெஞ்சுப் படை வந்து எடுத்துச் சென்றது. டூவே நகரத்துத் தோற்சுருள் எஞ்சியது. படை வென்றதைக் காட்டிலும் அச்சுருளே நமக்கு மிகுதியாகச் சொல்லுகின்றது. எந்தச் சங்கத்தையும், எந்தக் காலத்ததாயினும், மதிப்பிட விரும்புபவர் அதன் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நின்றுவிடலாகாது. உறுப்பினர் பதிவேட்டில் யாருடைய பெயர் இல்லை என்றும், தராசை யார் பிடிக்கின்றனர் என்றும், கடன் கணக்கை எழுதுபவரே தீர்ப்பும் சொல்லுகின்றாரா என்றும் பார்த்தல் வேண்டும்.